கோர்ட்டுக்குப் போய் வந்த அண்டா

எங்கள் வீட்டுப் பித்தளைச் சாமான்களைப் போலீஸ்காரர்கள் பட்டப்பகலில், தெரு முழுக்க நின்று பார்க்க, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆகையால் அவை திரும்பி வருவதும் பட்டப்பகலில், அதே தெரு பார்க்கத்தான் நடக்க வேண்டும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயதானவள் ஏதோ ஆற்றாமையில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் வாழை இலை வியாபாரம் செய்தவர். தொட்டியத்திலிருந்து இலைக்கட்டுகள் வந்து இறங்கும். அவற்றைப் போட்டுவைக்க வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை கட்டினார். அவர் காலமான பிறகு கொட்டகை சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற இடத்தில் எலிதான் குடித்தனம் செய்யும் என்று, பழைய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுக்கிற ஒருவனுக்கு வாடகைக்கு விட்டேன். மரியாதை தெரிந்தவன் போலத்தான் இருந்தான். காலையில் கிளம்பும்போது "போயிட்டு வரேம்மா" என்று சொல்லாமல் போக மாட்டான். பூட்டிக் கிடந்த வீடுகளில் திருடிய பித்தளையை யாரிடமோ வாங்கி, அந்தக் கொட்டகைக்குள் சாக்குச் சாக்காகக் கட்டி வைத்திருந்தான் என்பது, போலீஸ் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பூட்டைத் திறக்க வைத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சாக்குகளை ஏற்றியதும் அவர்கள் போயிருப்பார்கள். வெயில் கொளுத்தியது. வந்தவர்கள் யாராக இருந்தாலும் வாசலில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு பித்தளைச் சொம்பில் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். சின்ன வயதுக்காரர். குடித்தார். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு பேரும்மா வெட்டியிருக்கு? உங்க பேரா?"

"இல்லைங்க. என் சின்ன மாமியார் பேரு. மகனுக்குக் காது குத்தினப்ப குடுத்தாங்க."

"இந்த மாதிரி வேற இருக்கா?"

"இல்லாமலா? பரண் நிறைய இருக்கு. வாங்க, காட்டுறேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, ஆடாமல் பிடித்துக்கொண்டதும் நான்தான். தவலை, உருளி, குடம், கூஜா, தாம்பாளம், அடுக்குப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாவற்றுக்கும் கடைசியில் அண்டா. எங்கள் சனத்தில் நல்லது நடக்கிற வீட்டுக்குப் பாத்திரம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தங்கள் பெயரைத்தான் அதில் வெட்டிக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் பெயரை வெட்டுகிற வழக்கம் கிடையாது. கொடுத்தது யார் என்று காலத்துக்கும் தெரிய வேண்டாமா? நானே கடையில் வாங்கியவையும் சில உண்டு. அவற்றில் பெயரே இல்லை. என் வீட்டுக்குள் இருக்கிற என் சாமான் என்னுடையது என்று நான் யாருக்குச் சொல்ல வேண்டும்?

இன்ஸ்பெக்டர் கூடத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"அம்மா, ஒவ்வொண்ணுல ஒவ்வொரு பேரு இருக்கு. உங்க பேரு ஒண்ணுல கூட இல்லையே?"

"சீர் வந்த சாமான்க. குடுத்தவங்க பேருதான் இருக்கும்."

"எல்லாமேவா?"

"எல்லாரும் குடுத்தாங்க. அவருக்கு அவ்வளவு மரியாதை."

இன்ஸ்பெக்டரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பாத்திரம் தொலைந்த வீட்டுக்காரர்கள், இன்ன பெயர் வெட்டியது, இன்ன பெயர் வெட்டியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் கல்லை விட்டெறிந்தால் பெருமாள் பேர்க்காரர் மேல் விழும். குறி தப்பினால் தாயார் பேர்க்காரி மேல் விழும். தொலைந்த சாமானில் இருந்த பெயர்களில் பாதி என் பரணிலும் இருந்தது. திருட்டுச் சாமான் வைத்திருந்தவனுக்கு இடம் கொடுத்தவள் வீட்டுப் பரணில், ஊரார் பெயர் போட்ட பித்தளை. அவர் வேறு என்ன நினைப்பார்? ஆனாலும் நினைப்பது வேறு, தூக்கிக்கொண்டு போவது வேறு.

அண்டா நிலைப்படியில் நேராக நுழையாது. இரண்டு போலீஸ்காரர்கள் அதைச் சாய்த்து, உருட்டி, வெளியே கொண்டுபோய், வண்டியில் எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்த்து வைத்தார்கள். தெருக்கோடி வரைக்கும் அது தெரிந்துகொண்டே போனது.

சாயங்காலம் மருமகள் வந்தாள். தென்னூரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"விடுங்க அத்தை," என்றாள். "இனிமே அண்டாவுல யாரு சமைக்கப் போறா? பரண்ல தூசிதான் பிடிச்சிட்டிருந்துச்சு."

"தூசியும் நம்ம தூசிம்மா. அதை ஏன் அவங்க கொண்டுபோகணும்?"

"சரி, வாங்கிக்கலாம். ஆனா கோர்ட்டு கீர்ட்டுன்னு அலைய உங்களால முடியுமா?"

முடியுமா முடியாதா என்று எனக்கும் தெரியாது. ரேஷன் கடையில் அது தெரிந்துபோயிற்று. வரிசையில் எனக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி நின்றாள். நான் பின்னால் நிற்பதைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கொட்டகைக்கு வாடகை மட்டும்தான் வாங்குனாங்களோ, இல்ல வேற ஏதாச்சும் பங்கு வந்துச்சோ, யாரு கண்டா?" பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் போன போக்கைக் கண்டு எதிர்வீட்டுக்காரியும் திரும்பினாள். நான் அரிசியை வாங்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். கையில் அரிசிப் பையோடு.

"பில் இருக்கா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"குடுத்தவங்ககிட்ட பில்லு கேக்குற பழக்கம் எங்க சனத்துல இல்லைங்க."

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சாமானெல்லாம் கோர்ட்டுக் கணக்கில் ஏறிவிட்டது, இனி நீதிபதி சொன்னால்தான் கொடுக்க முடியும், வக்கீல் வைத்து மனுப் போடுங்கள் என்றார். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். "பேரு வெட்டினவங்க இருந்தா வந்து, நாங்கதான் குடுத்தோம்னு சொல்லச் சொல்லுங்கம்மா. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மருமகளுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் பெண் தென்னூரில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்தாள். படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவள் சொன்னபடி ஒவ்வொருவராகத் தேடினேன். கொடுத்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சின்ன மாமியாரின் மகன் வந்து கையெழுத்துப் போட்டான். மார்க்கெட்டில் இலை மண்டி வைத்திருந்தவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர் வீட்டுக்கே வக்கீல் பெண் வந்து எழுதி வாங்கினாள். "தாம்பாளம் குடுத்தேன், வாஸ்தவம். அதுல ஒரு தடவையாவது எனக்குச் சோறு போட்டீங்களா?" என்று கேட்டு, அவர் இருமலோடு சிரித்தார். இப்படி ஒவ்வொன்றாக நேராகிக்கொண்டு வந்தது.

அண்டாவில்தான் முட்டியது.

உத்திர வீதியில் ஒரு வீட்டில் அண்டா ஒன்று திருடு போயிருந்தது. அதில் வெட்டியிருந்தது கோயில் தாயார் பெயர். அந்த வீட்டு மகன் ஸ்டேஷனில் எங்கள் அண்டாவைப் பார்த்து, பெயரைப் படித்து, "இது எங்களுடையது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் அண்டாவில் இருந்ததும் தாயார் பெயர்தான். ஆனால் அது என் நாத்தனாருடைய பெயர். என் வீட்டுக்காரருக்கு அவள் ஒரே தங்கை. தொட்டியத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் இந்த வீட்டைக் கட்டிக் குடிபுகுந்தபோது அவள் கொண்டுவந்த சீர் அது.

"அவங்க நேர்ல வந்து ஜட்ஜ் முன்னாடி சொன்னா நல்லதும்மா," என்றாள் வக்கீல் பெண். "எழுதிக் குடுத்தா மட்டும் போதாது. எதிர்ல ஒரு ஆள் கேக்கறாங்களே."

"வேற வழி இல்லையாம்மா?"

"அண்டாவை மட்டும் விட்டுட்டா, மத்ததெல்லாம் சுலபமா வந்துடும்."

மற்றதெல்லாம் வந்து அண்டா வராமல் போனால், அது திருட்டு அண்டா என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். தெருக்கோடி வரைக்கும் தெரிந்துகொண்டே போனதும் அதுதான். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

நாத்தனாரும் நானும் பேசுவதில்லை. அவள் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் வீட்டுக்காரர் பெயரைக் கீழே, அவள் புகுந்த வீட்டுப் பங்காளிகளுக்கும் கீழே, அச்சடித்திருந்தார்கள். தாய்மாமன் பெயர். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அவர் பெயர் எந்த இடத்தில் இருந்தாலும் என் கண் அதைத் தேடிப் பிடித்துவிடும். ஆனாலும் கல்யாணத்துக்குப் போனோம். தாய்மாமன் சீரில் ஒரு குறை வைக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்த பிறகு, பக்கத்து இலைக்காரி அந்தப் பத்திரிகைப் பேச்சை எடுத்துச் சிரித்தாள். பரிமாறிய இலையை அப்படியே விட்டு நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கை நனைத்ததில்லை. அவர் காலமானபோது அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். துக்கத்துக்கு வழக்கு வம்பு கிடையாது. காரியம் முடிந்ததும் அவள் பஸ் ஏறினாள். நான் எழுந்து வந்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

சரியோ தப்போ, அண்டாவில் இருப்பது அவள் பெயர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தொட்டியம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். முசிறி தாண்டிய பிறகும் ஒன்றும் கிடைக்கவில்லை. வாழைத் தோட்டங்கள் வர ஆரம்பித்ததும் யோசிப்பதையும் விட்டுவிட்டேன்.

அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"யாரு வந்திருக்கா பாரு," என்று பொதுவாகச் சொன்னாள். முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

"நான்தான்."

"கண்ணு தெரியுது அண்ணி. தொட்டியத்துக்கு வழி இன்னும் ஞாபகம் இருக்கா?"

"வழி ஞாபகம் இருக்கு. பஸ்ஸுலதான் கூட்டம்."

"ஆமாம், இத்தனை வருசமா அந்தக் கூட்டம் குறையவே இல்லை போல."

நான் அங்கே கிடந்த பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன். கொட்டகைக்காரன், சொம்பு, ஏணி, வண்டியின் மேலே கவிழ்ந்து போன அண்டா, எல்லாம் சொன்னேன். ரேஷன் கடையில் கேட்டதையும் சொன்னேன். அதை நான் மருமகளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அவள் இலையை நறுக்கிக்கொண்டே கேட்டாள். ரேஷன் கடைப் பேச்சு வந்தபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க அண்ணன் வீட்டையா அப்படிச் சொன்னா?"

"உங்க அண்ணன் வீட்டைத்தான்."

"நீங்க சும்மாவா வந்தீங்க?"

"சும்மா வரலை. உன்னைத் தேடி வந்திருக்கேன்ல?"

அவள் எழுந்தாள். மூட்டுவலி அவளுக்கும் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"கோர்ட்டுக்கு வரேன் அண்ணி. எந்தக் கோர்ட்டுக்கும் வரேன். ஆனா ஒண்ணு. என் பொண்ணு கல்யாணத்துல பரிமாறின இலையை விட்டுட்டு எழுந்து போனீங்க. ஊரே பார்த்துச்சு. இன்னிக்கு என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க. சாப்பிட்டாத்தான் வருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் என்னைவிடச் சின்னவள். என்னிடம் பேரம் பேசுகிறாள். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படி நடந்தால் அண்டா உத்திர வீதிக்குப் போய்விடும். எதிர்வீட்டுக்காரி சொன்னது நிலைத்துவிடும்.

"பத்திரிகையில எங்க வீட்டுக்காரர் பேரைக் கீழ போட்டது?" என்று கேட்டேன்.

"போட்டது என் மாமனார். நான் அவருகிட்ட சண்டை போட்டேன். என் பேச்சு அந்த வீட்டுல எப்ப எடுபட்டிருக்கு? அதுக்கு உங்க கோபத்தை என் இலையிலயா காட்டுறது?"

இதை அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் செய்யவில்லை. அதைப் பற்றி அதற்கு மேல் பேசவும் இல்லை.

"என்ன சமையல்?" என்றேன்.

அவள் நறுக்கி வைத்திருந்ததிலேயே நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து எடுத்துப் போட்டாள். வாழைத்தண்டுக் கூட்டு, ரசம், அப்பளம். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டுல உப்பு கம்மி," என்றேன்.

"அது போதும் அண்ணி. குறை சொல்லிட்டீங்க. சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம்."

கோர்ட்டுக்குக் குறித்த நாளில் அவள் கூறைப்புடவை மாதிரி ஒரு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குப் போகிறாயா என்று கேட்டேன். அண்ணன் வீட்டு மானம் என்று சொன்னாள். உத்திர வீதிக்காரரும் வந்திருந்தார். கூட அவருடைய அம்மா, மடிசார் கட்டிய வயதான அம்மாள். அண்டாவைச் சாமான் அறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து நீதிபதிக்கு முன்னால் நிறுத்தினார்கள். கழுத்தில் ஒரு அட்டைச் சீட்டு, அரக்கு முத்திரையோடு. குற்றவாளி மாதிரி நின்றது அது.

நீதிபதியும் பெண்தான். கண்ணாடி போட்டிருந்தார். நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"இந்த அண்டா நீங்க கொடுத்ததா?"

"ஆமாங்கம்மா. எங்க அண்ணன் வீடு கட்டிக் குடிபோனப்ப நான் குடுத்தது. எங்க வீட்டுக்காரருகிட்ட சண்டை போட்டு வாங்கினது."

"இதுதான் அதுன்னு எப்படிச் சொல்றீங்க? பேர் மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. இந்த ஊர்ல இந்தப் பேர் நிறைய பேருக்கு இருக்கு."

"கிட்டப் போய்ப் பார்க்கலாங்களா?"

பார்க்கலாம் என்றார் நீதிபதி. நாத்தனார் அண்டாவிடம் போனாள். வெளியே தடவிப் பார்த்தாள். பிறகு குனிந்து உள்ளே தலையை விட்டாள். அவள் போட்ட சத்தம் அண்டாவுக்குள்ளிருந்து கோர்ட் முழுக்கக் கேட்டது.

"ஐயையோ! அண்ணி! இதை என்ன கதி பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்ன கதி? நல்லாத்தானே இருக்கு," என்றேன் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"எங்க நல்லா இருக்கு? ஈயம் பூசி எத்தனை காலம் ஆச்சு? உள்ள பச்சை பிடிச்சுக் கெடக்கு. நான் குடுத்தப்ப முகம் பார்க்கலாம் இதுல!"

"நீ வந்து ஒரு வாய் சாப்பிடுறதா இருந்தா ஈயம் பூசி வெச்சிருப்பேன். வராதவளுக்கு எதுக்குப் பூசணும்?"

"கூப்பிட்டாத்தானே வரதுக்கு!"

"சத்தம் போடாதீங்க, இது கோர்ட்டு," என்றார் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா.

"நீங்க கொஞ்சம் இருங்க ஐயா," என்றாள் நாத்தனார். "இந்த விளிம்பைப் பாருங்க. பஸ் மாத்தி ஏத்தும்போது குணசீலத்துல கீழ விழுந்துச்சே, அந்த ஒடுக்கு. தட்டி எடுத்து வைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? அப்படியே இருக்கு!"

"ஒடுக்கைப் போட்டது உங்க ஊரு ஆளு. எடுக்கிறது மட்டும் நானா?" என்று எழுந்துவிட்டேன்.

வக்கீல் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மடிசார் அம்மாள்தான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போறும்டா," என்றார் மகனிடம். "எழுந்து சொல்லு. இது நம்மாத்து அண்டா இல்லை."

"அம்மா! பேர் இருக்கே?"

"பேர் இருந்தா ஆச்சா? ஒரு அண்டாவுக்காக இப்படி அடிச்சுக்கறாளே, இவாளோடது இல்லேன்னா வேற யாரோடது? நம்மாத்து அண்டாவைப் பார்த்தா எனக்கு அழுகைதான் வரும். இதைப் பார்த்தா சிரிப்புதான் வரது."

"இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?"

"நீ என்னை எங்கே கூட்டிண்டு வந்தே? செல்போன்ல போட்டோ காமிச்சே. போட்டோல எல்லா அண்டாவும் ஒரே மாதிரிதான் இருக்கு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு அந்த மகனிடம், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றார். இன்ஸ்பெக்டரிடமும் கேட்டார். அவரும் சொன்ன சொல் மாறாமல் இல்லை என்றார். அண்டா உட்பட எல்லாச் சாமான்களையும் என்னிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவானது. வழக்கு முடியும் வரைக்கும் விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"ஈயம் பூசலாமாங்க?" என்று நாத்தனார் கேட்டாள்.

"வழக்கு முடியட்டும்," என்றார் நீதிபதி.

"பாருங்க, எங்க அண்ணி முகத்துல எவ்வளவு சந்தோசம்," என்றாள் அவள் எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆபீஸ் அறையில் குமாஸ்தா, கேட்காமலே மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் அதை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். என் பெயரை எழுதி முடிக்க எனக்கு நேரம் ஆகும். வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஒரு எழுத்தையும் விடாமல், புள்ளிகளையும் வைத்து முடித்தேன். மருமகள் அன்று ஆபீசுக்கு லீவு போட்டு வந்திருந்தாள். அவள் என் தோளைத் தொட்டாள்.

வாசலில் ஒரு குட்டி யானை வண்டியைப் பேசி வைத்திருந்தாள் அவள். டிரைவர் தார்ப்பாயை விரித்து மூடப் போனான்.

"மூடாதப்பா."

"வெயில்ல என்னம்மா ஆகப்போவுது பித்தளைக்கு? விழுந்துடக் கூடாதேன்னுதான்."

"விழாது. எங்க நாத்தனாரு பிடிச்சுக்குவாங்க."

நாத்தனார் பட்டுப்புடவையோடு வண்டியின் பின்னால் ஏறி, அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முத்திரைச் சீட்டுகளை அறுத்துவிடலாமா என்று டிரைவர் கேட்டான். அறுக்காதே என்றேன். கோர்ட்டுக்குப் போய் வந்தது என்று தெரிய வேண்டாமா? எங்கள் தெரு முனை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். வண்டிக்கு முன்னால் நடந்தேன்.

"சாமி ஊர்வலமா அம்மா?" என்றான் டிரைவர்.

"ஆமாம்பா. மெதுவா ஓட்டு."

பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நாத்தனார் மேலே இருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை. கதவுகள் திறந்தன. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பால்காரர் சைக்கிளை ஓரம் கட்டினார். வெயில் பட்டு, தேய்க்காத பித்தளைகூட மின்னத்தான் செய்தது. நான் இடம் வலம் பார்க்காமல் நடந்தேன். புது வீடு கட்டி இந்தத் தெருவுக்குள் வந்த நாளில்கூட நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள்.

"வந்துடுச்சா பெரியம்மா! எனக்குத் தெரியும். நான் அப்பவே சொன்னேன், அது அவங்க சாமான்தான்னு."

"எங்க சொன்னே? ரேஷன் கடையிலயா?"

அவள் உள்ளே போய்விட்டாள். மருமகள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கினாள். பரணில் ஏற்ற நான் விடவில்லை. கூடத்திலேயே சுவர் ஓரமாக அடுக்கினோம். நடக்க இடம் இல்லை. பரவாயில்லை என்றேன். நாத்தனார் ஒரு வாரம் தங்கினாள். வேண்டிய மட்டும் சண்டை போட்டோம்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் எதிர்வீட்டுக்காரி வந்தாள். கதவுக்கு வெளியிலேயே நின்றாள். அந்தக் கொட்டகைச் சாக்குகளில் அவள் வீட்டில் திருடு போன, தாய் வீட்டுச் சீர்க் குத்துவிளக்கும் இருந்ததாம். அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தானாம். போலீஸ், கோர்ட் என்று பயந்து இதுவரை போய்க் கேட்கவே இல்லையாம். "இந்தத் தெருவுலயே இன்னும் நாலஞ்சு பேரு அப்படித்தான் இருக்காங்க பெரியம்மா. நீங்க கூட வந்தா..." என்று இழுத்தாள்.

உள்ளே போய் முகம் கழுவி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் வாசலில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, மறுபடியும் ஏதாவது விட்டுப்போச்சா?"

"என்னுது எல்லாம் வந்துடுச்சுங்க," என்றேன். "இவங்களோடதுக்கு வந்திருக்கேன்."